இரண்டாம் கூண்டுக்குப் போன கழுநீர்

அரிசி களைந்த தண்ணீரை லோங்காங் சாக்கடையில் ஊற்று என்றால் செல்லாயிக்கு எப்படி மனசு வரும்? ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த நாளிலிருந்து கழுநீர் மாட்டுக்குப் போய்த்தான் பார்த்திருக்கிறாள். மாடு இல்லாதவள் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுப்பாள். அதைப் போய்ச் சாக்கடையில் கொட்டுகிறவளை லயத்துப் பெண்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஆனால் மலாயாவில், ஈப்போவில், வெள்ளைக்கார டாக்டர் துரையின் ஆராய்ச்சிக் கொட்டகையில் அதுதான் சட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் அங்கே இரண்டு கூண்டுகள் இருந்தன. கூண்டுக்கு ஆறு கோழி. முதல் கூண்டுக்குப் புழுங்கல் அரிசி, இரண்டாவதற்குப் பாரிட் புந்தாரில் புதிதாக வந்த ஒரு மில்லின் வெள்ளை அரிசி. மூன்று தண்ணீர் களைந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோறாக்கிப் போட வேண்டும். வேறு ஒரு பருக்கைகூடக் கூண்டுக்குள் போகக் கூடாது. செல்லாயிக்கு முன்னால் கோழிக்குத் தீனி போட்ட மாயாண்டி, பாவம் பார்த்து ஒரு பிடி தேங்காய்ப் பிண்ணாக்கைப் போட்டுவிட்டான். அன்றைக்கே அவனைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

செல்லாயி பிண்ணாக்கெல்லாம் போடவில்லை. சொன்ன அரிசியைச் சொன்னபடி களைந்தாள். தண்ணீரை மட்டும் அந்தந்தக் கூண்டின் தொட்டியில் ஊற்றினாள். அது தீனியா என்ன, வெறும் தண்ணீர்தானே? ஏன் கொட்டச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தலையில் மயிர் சிலுப்பிக்கொண்டு நிற்கும் செம்பட்டைக் கோழி ஒன்று இரண்டாம் கூண்டில் இருந்தது. அதற்குச் சிலுப்பி என்று பேர்கூட வைத்திருந்தாள்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை, டாக்டர் துரை கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட்டுப் பார்த்தார். கால்களைத் தட்டிப் பார்த்தார். முந்தைய சோதனையில் நன்றாகத் தீட்டின வெள்ளை அரிசி தின்ற கோழிகளெல்லாம் நாலாவது வாரமே கால் விழுந்து கிடந்தவை. இவையோ ஒன்றையொன்று கொத்திக்கொண்டு திரிந்தன.

"பகுஸ், செல்லாயி," என்று மலாயில் பாராட்டிவிட்டுத் துரை போனார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொட்டகையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான் மத்தியாஸ். இங்கிலீஷ் படித்த பையன், துரைக்கு உதவியாள். செல்லாயியை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதே அவன்தான்.

"நம்ம கோழிங்க ஜெயிச்சிருச்சுக்கா," என்றான். "திங்கக்கிழமை துரை ரிப்போட்டுல கையெழுத்துப் போடுறாரு. இனிமே செமோர் பக்கத்துத் தோட்டங்களுக்கு இந்த மில்லு அரிசிதான்."

"நம்ம முத்தம்மா இருக்கிற தோட்டத்துக்குமா?"

"அங்கதான் மொதல்ல. புழுங்கலைவிட மலிவுலா. மேனேஜர் காத்துக்கிட்டே இருக்காராம்."

முத்தம்மா செல்லாயியின் தங்கை. கைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் தவிர வேறு இல்லை.

"அப்ப அந்தக் கால் வீங்குற சீக்கு வராதா தம்பி?"

"வராதுக்கா. அரிசி மேல மெல்லிசா ஒரு தோலு இருக்குல்ல, அதுலதான் அந்தச் சத்து இருக்கு. ரொம்பத் தீட்டுனா தோலோட போயிரும். இந்த மில்லுக்காரன் கொஞ்சமாத் தீட்டுறான். ஆனா அந்தச் சத்து தண்ணியில கரையுற சாமான். நம்ம ஜனங்க களையாம பொங்குவாங்களா? அதான் மூணு தண்ணி களைஞ்சு கொட்டச் சொன்னாரு. கொட்டுனப்புறமும் சத்து மிஞ்சுதான்னு பாக்கணும்ல."

செல்லாயி இரண்டாம் கூண்டின் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செமோர் ஈயச் சுரங்கத்துச் சீனர்களை அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளை அரிசி தின்கிறவர்கள். வாழைத்தண்டு மாதிரி வீங்கின காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கும். ஒரு சீனத்தி பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே அவள் பிள்ளை மடியில் விறைத்துப்போனதை லயமே பேசியது. முத்தம்மாவும் அரிசியைக் களைவாள். சத்தெல்லாம் மாட்டுக்குப் போகும், மாடு கொழுகொழுவென்று இருக்கும். பிள்ளை? மத்தியாஸ் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்னவாம்? தன் மேலும் கோபம் வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். மத்தியாஸின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, வாயைத் தொறக்காதீங்க. மாயாண்டி கதி தெரியும்ல? ஒங்களுக்குச் சிபாரிசு பண்ணது நானு. எனக்கும் சேத்துத்தான் போகும்."

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம் தம்பி. அந்தப் பிள்ளை போனா?"

"துரைகிட்ட நான் சொல்ல மாட்டேன்கா. என்னால முடியாது."

இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. பாசாரில் மீன் வாங்குகிற மலாயில் இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது. செல்லாயி இரண்டாம் கூண்டின் அரிசியை அளந்து சட்டியில் போட்டாள். டாக்டர் துரை மேசையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து அரிசியைக் களைந்தாள்.

சட்டியில் கை சலசலத்ததுதான் தாமதம், இரண்டாம் கூண்டுக் கோழிகள் ஆறும் தொட்டிப் பக்கம் ஓடி வந்து கழுத்தை நீட்டின. சிலுப்பி மற்றதைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றது. துரை தலை தூக்கினார். செல்லாயி எழுந்து, வெள்ளையாய்க் கலங்கியிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். ஆறும் முட்டி மோதிக்கொண்டு குடித்தன.

துரை பேனாவைக் கீழே வைத்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"ஹாரி ஹாரி?" என்றார். தினமுமா என்று கேட்கிறார். அது அவளுக்குப் புரிந்தது.

"ஹாரி ஹாரி, துவான்," என்றாள் செல்லாயி.

பிறகு மத்தியாஸே முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னான். ஏன் கொட்ட வேண்டும் என்று தான் அவளுக்குச் சொல்லாததையும் சேர்த்தே சொன்னான். துரை ரிப்போட்டை மடித்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இன்றிலிருந்து மறுபடியும் முதல் நாள் என்றார். பிறகு செல்லாயியைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இனிமே சொன்னபடி கொட்டுவீங்களான்னு கேக்குறாருக்கா."

"லோங்காங்குலதான் ஊத்துவேன்னு சொல்லு. என் தங்கச்சி பிள்ளை அந்தத் தோட்டத்துல இருக்குன்னும் சொல்லு."

சொன்னபடியே ஊற்றினாள். முதல் வாரம் கோழிகள் சட்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு நின்றன. செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு லோங்காங் பக்கம் போவாள். பச்சைத் தண்ணீர் வைத்தாள். இரண்டாம் வாரம் சிலுப்பி இரையைக் குறைத்தது. மூன்றாம் வாரம் நடை தள்ளாடியது. விழுந்துவிடாதே என்றும் நினைத்தாள், விழுந்தால்தானே பிள்ளைக்கு நல்லது என்றும் நினைத்தாள். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது.

இருபத்துமூன்றாம் நாள் காலை சிலுப்பி கால்களை மடக்கி, தலையை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு கிடந்தது.

"விழுந்துருச்சு தம்பி," என்றாள் செல்லாயி. கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "துரையைக் கூப்புடு."

துரை வந்து பார்த்தார், நேரம் போட்டு எழுதினார். எழுதி முடித்ததும், இனிக் கழுநீர் கொடுக்கலாம் என்று தொட்டியைக் காட்டித் தலையசைத்தார். அன்றைக்குக் களைந்த தண்ணீரைச் செல்லாயி இன்னும் கொட்டாமல் சட்டியில் வைத்திருந்தாள். கோழியை மடியில் போட்டு, அலகைப் பிரித்து, கரண்டி கரண்டியாக விட்டாள். மறுநாளும் விட்டாள். மூன்றாம் நாள் சிலுப்பி எழுந்து நின்று மத்தியாஸின் கையைக் கொத்தியது.

அந்த மில் அரிசி தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று துரை எழுதினார். கழுநீரைக் கொட்டியும் முதல் கூண்டில் ஒரு கோழிகூட விழவில்லை; நெல்லை அவிக்கும்போதே சத்து அரிசிக்குள் இறங்கிவிடுமாம். புழுங்கலே தொடர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லாயி செமோருக்குப் போனாள். முத்தம்மா லயத்து வாசலில் புழுங்கல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிள்ளை சாக்கு விரிப்பில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. செல்லாயி அதன் காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டு எடுத்தாள். குழி விழவில்லை. இன்னொரு காலிலும் அழுத்திப் பார்த்தாள்.

"என்னாக்கா அப்படிப் பாக்குற?" என்றாள் முத்தம்மா.

"ஒண்ணுமில்ல," என்றாள் செல்லாயி. "நீ தண்ணியக் கொண்டுபோய் மாட்டுக்கு ஊத்து."