பூதலிங்கத்தின் முறை

மூடியிருந்த ஆஸ்பத்திரித் துணியை உருவியதுமே தாணுமாலையன் அலறினார்.

"எவம்லே அடிச்சான் எந் தம்பிய?"

கொல்லையில் பெஞ்சின்மேல் பூதலிங்கம் கிடந்தார். குளிப்பாட்டுவதற்காகச் சுற்றிலும் நான்கு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். நீர்மாலைக்குப் போய்க் கொண்டுவந்த தண்ணீர் குடத்தில் இருந்தது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கன்றிக் கறுத்திருந்தது. விலாவைத் தொட்டால் எலும்பு உள்ளே போனது. எண்ணெய்க் கிண்ணத்தோடு திரைக்கு வெளியே நின்ற மங்கலம் அதை எட்டிப் பார்க்கவில்லை. நேற்றே மெடிக்கல் காலேஜ் ஐசியூவில் பார்த்துவிட்டாள். புருஷன் நெஞ்சில் ஏன் அப்படி என்று கேட்டும் தெரிந்துகொண்டாள்.

"பெரியத்தான், அது அடி இல்ல. டாக்டரு சொன்னாரு..."

சொன்னால் யார் கேட்டார்கள்? கட்டி வந்த நாளிலிருந்து புருஷனின் அண்ணனுக்கு முன்னால் அவள் முகம் காட்டிப் பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல், அவ்வளவுதான். இன்று அவர் காலையில்தான் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். வந்ததிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அப்படிப்பட்டவர் திரையைத் தள்ளிவிட்டு முன்வாசலுக்கு ஓடினார். மங்கலம் கிண்ணத்தை வைத்துவிட்டு, கைக்குச் சிக்கிய பித்தளைச் செம்பைப் பிடித்தபடியே பின்னால் ஓடினாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே வந்த, பொன்முடி மலையில் அவரோடு படித்த ஜாஸ் இசைக் கூட்டம் நின்றது. எல்லாம் சின்ன வயதுக்காரர்கள். தாணுமாலையன் அதில் தாடி வைத்த ஹரிஷங்கரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவன்தான் அந்தக் கோடைக்கால வகுப்பை நடத்துகிற கிட்டார் வாத்தியார். முதல் அடியில் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. பின்மண்டை கேட்டில் மோதிய சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அவன் கையைத் தூக்கக்கூட இல்லை.

"அடிச்சது இல்ல சார், அமுக்கினதாக்கும்!" என்று நடுவில் பாய்ந்தாள் டிரம்ஸ் வாசிக்கிற லிபி. "ஊதிக்கிட்டே இருந்தாரு, அப்படியே விழுந்தாரு. ஹார்ட் நின்னு போயி. விதுரா ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப்புல மாறி மாறி நெஞ்ச அமுக்கினோம். நான் தாளம் எண்ணினேன். ஒருத்தரு கை தளர்ந்தா அடுத்த ஆளு."

"அமுக்கினா எலும்பு ஒடியுமா, ஏட்டி?"

"ஒடியும் சார். ஒடிஞ்சாலும் நிறுத்தக்கூடாது."

அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் மதிலில் தோள் இடிபட்டுச் சரிந்தாள். அவள் தோளில் தொங்கிய கறுப்புப் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. உள்ளே பூதலிங்கத்தின் சாக்ஸபோன் மஞ்சளாக மினுங்கியது. அதைக் கண்டதும் தாணுமாலையனுக்கு இன்னும் வெறி ஏறியது. ஓங்கி ஓர் உதை விட்டார்.

அந்தக் குழாயால் இந்த வீட்டில் நடந்த சண்டை கொஞ்சமா? சாலைக் கடைத்தெருவில் கணக்குப் பார்த்துக் குனிந்தே கிடந்த மனுஷன், வேலையை விட்டதும் அதை வாங்கிக்கொண்டு வந்தார். கார் ஷெட்டில் நின்று ஊதினார். பக்கத்து வீட்டு சுசீலாபாய் ஜன்னலை அறைந்து சாத்தினாள். கல்யாண பேண்டு செட்டில் சேரப்போகிறானா என்று அண்ணன் போனில் காறித் துப்பினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மங்கலமே சும்மா இருக்கவில்லை. மே மாசம் மலையில் தங்கிப் படிக்கப்போகிறேன் என்று அவர் பெட்டி கட்டியபோது, "அறுபதுல பள்ளிக்கூடமா? நெஞ்சு வலிக்காரருக்கு இது தேவையா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார், பாவி மனுஷன்.

அங்கிருந்து தினமும் சாயங்காலம் போன் வரும். "எல்லாரும் சேந்து தொடங்குவோம், மங்கலம். அப்புறம் ஒரு சுற்று வரும். அவனவன் முறைக்கு அவனவன் மட்டும், மனசுல உள்ளத வாசிக்கணும். மத்தவங்க பின்னால இருந்து தாங்குவாங்க." அவர் முறை வரும்போது மட்டும் வாய் வறண்டுபோய், பாதியில் நிறுத்திவிடுவாராம். "நாளைக்கு முழுசா ஊதிருவேன் பாரு." சின்னப் பையனைப் போலச் சொல்லுவார். கோபம் தீராவிட்டாலும் ஐந்து மணி ஆனால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் காய் நறுக்குவாள்.

தாணுமாலையன் மடியிலிருந்து போனை எடுத்தார்.

"கேசு குடுக்கப் போறேன். எவனும் உடம்ப எடுக்கப்பிடாது. திரும்ப மெடிக்கல் காலேஜ் போட்டும். நெஞ்சக் கீறிப் பாக்கட்டும். அப்பத் தெரியும், இவனுக என்ன செஞ்சானுகன்னு."

"பெரியப்பா, வேண்டாம் பெரியப்பா," என்று மகள் திவ்யலட்சுமி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் காலை உதறினார். பெண் மண்ணில் புரண்டாள்.

கீறிப் பாக்கட்டும். அந்தச் சொல்தான் மங்கலத்தின் காதில் நின்றது. ஒடிந்த நெஞ்சு அது. இனி அதன்மேல் ஒரு கத்தி வேறா? ஊரார் முன்னால், உறவுக்கார ஆண்கள் அத்தனை பேருக்கும் நடுவில் போய் நின்று, செம்பை ஓங்கித் தாணுமாலையன் நெற்றியில் அடித்தாள்.

ணங்கென்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதி ஒப்பாரியில் நிறுத்தினார்கள். அவர் தடுமாறி உட்கார்ந்தார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. போன் சாக்கடையில் விழுந்தது.

"இனி எந்திச்சியள்னா இன்னும் அடிப்பேன்," என்றாள் மங்கலம். மூச்சு இரைத்தது. "மலையிலேயே போயிருக்க வேண்டிய உசிரு. இந்தப் பிள்ளைகதான் நெஞ்ச ஒடிச்சு உசிரோட கொண்டுவந்துது. ராத்திரி பூரா அவிய கை என் கைக்குள்ள சூடா இருந்துது. என்னைய அடையாளம் தெரிஞ்சுது அவியளுக்கு. நீங்க எனக்குத் தருவேளா, அந்த ஒரு ராத்திரிய? கத்தி வைக்கணும்னா முதல்ல என் நெஞ்சுல வையுங்கோ."

அவள் ஹரிஷங்கர் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. அவனையும் அடிப்பாளோ என்று லிபி முன்னால் வந்து நின்றாள்.

"எந்தப் பாட்டுல விழுந்தாவ?"

ஹரிஷங்கர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "அவர் முறை வந்தப்ப, சேச்சி. இந்தத் தடவை நல்லா ஊதினார். பாதிதான் ஆச்சு."

"அப்ப அதையே வாசிங்கோ. அவியளக் குளிப்பாட்டிக் கொண்டாருவாங்க. அதுக்கப்புறம் வாசிங்கோ."

சங்கும் சேகண்டியும் போதாதென்று சினிமாப் பாட்டா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மங்கலம் செம்போடு திரும்பிப் பார்த்ததும் அந்த முணுமுணுப்பு நின்றது.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பூதலிங்கத்தை முற்றத்தில் பாடையில் கிடத்தினார்கள். திவ்யலட்சுமி அப்பாவின் சாக்ஸபோனைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாள். வளைந்த வாய்ப் பக்கம் நசுங்கியிருந்தது. ஹரிஷங்கர் வீங்கிய உதட்டோடு கிட்டாரை மீட்டினான். லிபி ஒரு தோளைத் தூக்க முடியாமல், ஒற்றைக் கையால் சின்ன டிரம்மைத் தேய்த்தாள். டிரம்பெட் வைத்திருந்த பையன் ஊதினான். எல்லோரும் சேர்ந்து தொடங்கினார்கள். பிறகு கிட்டார் தனியாகப் போனது. பிறகு டிரம்பெட். அழுகையா கொண்டாட்டமா என்று மங்கலத்துக்குப் பிடிபடவில்லை. கார் ஷெட்டில் கேட்டு எரிச்சல்பட்ட அதே பாட்டுதான். துண்டு துண்டாகக் கேட்டது இப்போது முழுசாக வந்தது.

டிரம்பெட் வாயைவிட்டு இறங்கியது. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். கிட்டாரும் டிரம்மும் மட்டும் தணிந்து நடந்தன. அதற்கு மேலே வர வேண்டியது வரவில்லை. 

திண்டாடிப்போன சங்கு ஊதுகிறவர், பாட்டு முடிந்துவிட்டது, தூக்க நேரமாயிற்று என்று எண்ணிச் சங்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

படியில் துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டிருந்த தாணுமாலையன் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரும்வே," என்றார். "தம்பி ஊதி முடிக்கட்டும்."

துண்டு நழுவியது. புருவத்திலிருந்து ஒரு சொட்டு வெள்ளைச் சங்கின்மேல் விழுந்து, வழிந்து இறங்கியது. பிடித்த கையை அவர் விடவில்லை.