இடுப்பு முப்பத்தாறு

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலை எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது. மேற்பார்வை மேடம் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வா. கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை. லெகிங்ஸ் கிகிங்ஸ்னு வந்தா வாசலோட அனுப்பிடுவேன்," என்றார். பத்தாவது கூட முடிக்காத எனக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை இனி எப்போது வரும் என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை அண்ணனிடம் இருந்தது. கறுப்பு பேன்ட்தான் இல்லை. கடையில் புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. விலையைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"பழசு விக்கிற ஆப் இருக்கு," என்றாள் அண்ணி. "எல்லாரும் அதுலதான் வாங்கறாங்க. வெளியிலதான் சொல்றதில்ல."

படுத்துக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு துணிக்குக் கீழேயும் 'ஒரே ஒரு முறை அணிந்தது' என்று இருந்தது. முழங்கால் பளபளவென்று தேய்ந்துபோன பேன்ட்டுக்குக் கீழேயும் அதேதான். ஒரே முறை போட்டுக்கொண்டு எங்கே தவழ்ந்தார்களோ. கடைசியில் ஒன்று நன்றாக இருந்தது. விற்பவள் தன் பெயரை 'ரோஜா மொட்டு' என்று வைத்திருந்தாள். 'அக்கா, இடுப்பு எவ்வளவு?' என்று கேட்டேன். 'முப்பத்தாறு' என்று பதில் வந்தது. அண்ணி டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினாள். சரியாக முப்பத்தாறு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பணம் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. போட்டுவிட்டுக் கையை எடுத்தேன். பேன்ட் நேராகத் தரைக்குப் போய்விட்டது.

"இதுக்குள்ள நானும் வரலாம் போல," என்றாள் அண்ணி. "ரெண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போயிடலாம். மேடம் ஒரு சம்பளம் குடுத்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரில் யாரிடமும் வாய் திறக்காத நான், எழுத்தில் என்றால் கொஞ்சம் சண்டை போடுவேன்.

'அக்கா, இடுப்பு முப்பத்தாறுன்னு சொன்னீங்க.'

'ஆமா. அளந்துதான் சொன்னேன்.'

'எங்க அளந்தீங்க?'

'பெல்ட் போடற இடத்துல. இடுப்புன்னா வேற எங்க?'

'அது வயிறு அக்கா. நான் கேட்டது குழந்தையைத் தூக்கி வெச்சுக்கற இடுப்பு.'

பிறகு, 'நீ பேன்ட் வாங்க வந்தியா, குழந்தை வளக்க வந்தியா? ரிட்டர்ன் கிடையாது' என்று வந்தது.

அவள் சொன்னதும் இடுப்பு, நான் சொன்னதும் இடுப்பு. யாரிடம் போய் முறையிடுவது? பிடித்துத் தைத்தால் இரண்டு பாக்கெட்டும் பின்னால் போய் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்றாள் அண்ணி. பேன்ட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

சனிக்கிழமை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக் கடைக்குத் தனியாகப் போனேன். அண்ணிக்கு ஷிப்ட். உள்ளே நுழைந்ததும் ஈரத்துணியும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை. பேன்ட்டுகளை அளவுப்படி மாட்டவில்லை, நிறத்தின்படி மாட்டியிருந்தார்கள். கறுப்பு என்று இருந்த வரிசையில் பாதி கருநீலம். ஒன்றில் ஜிப் இல்லை, ஒன்றில் பொத்தான் இல்லை. 'எம்' என்று போட்டிருந்த ஒன்று தொடையைத் தாண்டி ஏறவில்லை. அதே 'எம்' போட்ட இன்னொன்றில் ரோஜா மொட்டே குடியிருக்கலாம். போட்டுப் பார்க்கும் அறை ஒன்றே ஒன்று. மூன்று முறை வரிசையில் நின்று மூன்று முறையும் வெறுங்கையோடு வெளியே வந்தேன். எரிச்சலில் காது சுட்டது.

நான்காவது முறை நிற்கும்போதுதான் அதைப் பார்த்தேன். அறையின் திரைக்குப் பக்கத்துக் கம்பியில் தொங்கியது. நல்ல கறுப்பு, மடிப்புக் கலையாத பேன்ட். என்மேல் வைத்துப் பார்த்தேன். எனக்கென்றே தைத்தது போல இருந்தது. வேறு யாராவது பார்ப்பதற்குள் பணம் கட்டிவிடலாம் என்று கவுண்டருக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "டேக் எங்க?"

"அப்படியேதான் இருந்துச்சு."

"வாசனையெல்லாம் புதுசா இருக்கே. நம்ம கடைத் துணி மாதிரியே இல்ல."

அப்போது திரைக்குள்ளிருந்து ஒரு குரல். "ஏம்மா, அங்க யாராவது இருக்கீங்களா? இங்க கொக்கி உடைஞ்சிருக்குன்னு என் பேன்ட்டை வெளிய மாட்டினேன். காணோம்."

கடையே திரும்பி என்னைப் பார்த்தது. பேன்ட்டோடு திரும்பி ஓடினேன். திரைக்குள் கையை நீட்டி அதைக் கொடுத்தேன். கொடுத்த கை திரும்பி வரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டே நின்றது.

"இத எனக்கு விப்பீங்களா?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"என்னது?"

"திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். இது இல்லன்னா வேலை இல்ல."

உள்ளே அந்த அம்மா சிரித்தாள். "இத வித்துட்டு நான் எப்படிம்மா வீட்டுக்குப் போறது? விடு. இது என் பையனோட பழைய ஸ்கூல் பேன்ட். ஆபீஸ்ல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல. வாசல் பக்கம் யூனிஃபார்ம் கூடை இருக்கு பாரு."

இருந்தது. பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவள் அதன் கூடைக்குள் தலையை விட்டுத் தேடினேன். ஒரு கறுப்புப் பேன்ட் அகப்பட்டது. பொத்தான் போட முடிந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போனேன். தையல் படபடவென்று விட்டுப்போனது. அண்ணி பின்பக்கம் உள்ளே மடித்திருந்த துணியை எல்லாம் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பிரிக்கத் துணி இல்லை. நிற்கலாம், நடக்கலாம். உட்காரத்தான் முடியாது.

திங்கட்கிழமை மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ம்," என்று நாற்காலியைக் காட்டினார். மேசை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அதன் பின்னால் நான் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நாற்காலியைக் காலால் பின்னே தள்ளிவிட்டு நின்றேன். மதியம் வரை நின்றபடியே நம்பர் கூப்பிட்டேன். முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்த குரல், பசிக்கப் பசிக்கக் கொஞ்சம் ஏறியது. அந்தப் பக்கமாகப் போன மேடம் நின்றார்.

"முன்னாடி இருந்தவ நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே மாட்டா," என்றார். "நீ இப்படியே இரு."

"சரிங்க மேடம்," என்றேன். இரண்டு குதிகாலும் தீயாய் எரிந்தன. அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.