ரெண்டு பேருக்கு ஒரு போட்டோ

"எத்தனை பேரு?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டபோது முனியப்பன் "மூணு பேருங்க" என்றான். மாதம்மாள் அவன் முழங்கையைத் தொட்டாள். "ரெண்டு பேருங்க. நானும் இவளும்" என்று பக்கத்தில் நின்ற சின்னம்மாளைக் காட்டினாள்.

ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார். நீளமான நோட்டுப் புத்தகத்தில் முன்பே எழுதியிருந்த மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். வராந்தா பெஞ்சில் ஒரு கல்யாண ஜோடியும், மொட்டைத்தலைக் குழந்தையோடு ஒரு குடும்பமும் முறைக்குக் காத்திருந்தார்கள். உள்ளே யாரையோ சிரிக்கச் சொல்லும் குரல் கேட்டது. கதவுத் திரையை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதம்மாள் அதைக் கவனித்தாள். பிறகு குனிந்து ஸ்டுடியோக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் யோசித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார். அது கடை சாத்தியிருக்கும் நேரம், வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று முனியப்பனுக்காகத் தமிழிலும் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் முனியப்பன், "ஏன் பெரீம்மா, நான் வேணாமா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

"உன்னோட ஆயிரம் எடுக்கலாம்டா. இது எங்க ரெண்டு பேருக்கு."

போட்டோ எடுக்கப்போகிறோம் என்பதே சின்னம்மாளுக்கு அந்தக் கடை வாசலில்தான் தெரியும்.

அவர்கள் இருவரும் சென்னப்பனின் மனைவிகள். மாதம்மாள் மூத்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லாததால் ஐம்பத்திரண்டாம் வருஷம் சின்னம்மாளைக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷமே முனியப்பன் பிறந்தான். பெற்றவள் சின்னம்மாள், இடுப்பில் சுமந்தவள் மாதம்மாள். அவன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தான். அல்சூரில் ஒற்றை அறை வீடு. நிலக்கடலை பிடுங்குவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இரண்டு அம்மாக்களும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். சென்னப்பன் மாடுகளை விட்டு வரமுடியாது என்றார். பெண்கள் இருவரும் அரூரிலிருந்து பஸ்ஸில் பொம்மிடிக்குப் போய், ரயிலேறி, ஜோலார்பேட்டையில் மாறி, விடியும் நேரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

அந்த ஊரில் மாதம்மாள் வேறு ஆளாகிவிட்டாள். இரண்டாம் நாள் காலையிலேயே சின்னம்மாள் அதைக் கண்டாள். தெருவில் கீரை விற்க வந்தவளிடம் மாதம்மாள் கன்னடத்தில் விலை பேசினாள். குரல் அரைச் சுருதி ஏறியிருந்தது. பேசும்போது கைகள் காற்றில் அலைந்தன. கீரைக்காரி எதற்கோ சிரிக்க, மாதம்மாளும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம். வீட்டில் தமிழ்தான், ஆனால் விளையாடியதெல்லாம் கன்னடத்தில். அரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அவளையறியாமல் ஒரு சொல் வந்துவிட்டால் மாமியார் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி ஆட்களைச் சிரிக்கவைப்பாளாம். அதோடு மாதம்மாள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். முப்பத்துநாலு வருஷம் பேசாத பேச்சு எங்கேயும் போகாமல் அப்படியே இருந்திருக்கிறது. இத்தனை காலம் ஒரே அடுப்பங்கரையில் நின்றும் இந்தச் சிரிப்பை ஒருநாளும் கேட்டதில்லையே என்று சின்னம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இருவரும் சண்டை போட்டதில்லை. ஊரில் அதைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். சண்டை போடுகிற அளவுக்குப் பேசிக்கொண்டதும் இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். உப்பு இருக்கிறதா, மாடு தண்ணி குடித்ததா, பையன் சாப்பிட்டானா. இருபத்திரண்டு வருஷப் பேச்சை ஒரு முறத்தில் போட்டுப் புடைத்துவிடலாம். சின்னம்மாளின் உள்ளே மட்டும் ஒரு விஷயம் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று அரூரிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். அவளும் சென்னப்பனும் மாலையோடு நின்றார்கள். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு மாதம்மாள் நின்றாள். பெண் பார்க்க வந்ததும் அவள்தான், கூறைப்புடவை எடுத்ததும் அவள்தான். "அந்தம்மா கொஞ்சம் நகந்துக்கட்டும்" என்றார் போட்டோக்காரர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாதம்மாள் நகர்ந்துகொண்டாள். அந்தப் படம் இன்னும் நடுவீட்டில் மாட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில் புடவைக் கொசுவத்தின் ஒரு துண்டு தெரியும். வருகிறவர்கள் அதைத் தூண் என்று நினைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை முனியப்பன் ஷிப்டுக்குப் போனபிறகு இருவரும் தலைக்குக் குளித்தார்கள். மாதம்மாள் தகரப்பெட்டியின் அடியிலிருந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவையை எடுத்தாள். சின்னம்மாள் அதைப் பார்த்ததே இல்லை. மடிப்புக் கலையாத புதுப்புடவை. ஊரில் கிளம்பும்போதே இதற்காக எடுத்துவைத்திருக்கிறாள். எவ்வளவு நாளாக மனசில் வைத்திருந்தாளோ.

"நான் இந்தப் பச்சையத்தான் கட்டணும். வேற இல்ல."

"அது உனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள் மாதம்மாள். அவள் இப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி இரவல் கொடுத்த ஒற்றை ஸ்வெட்டரை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. ரோடெல்லாம் பெரிய மரங்கள். இலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் மழை நின்ற பிறகும் மழைபோலவே இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்ல முடியாத ஊர். காலையும் மத்தியானமும் ஒரே சாம்பல் நிறம். மாதம்மாள் போலீஸ்காரரிடமும் பூக்காரியிடமும் கன்னடத்தில் வழி கேட்டாள். கனகாம்பரம் வாங்கி, நடுத்தெருவில் நின்றே சின்னம்மாளின் தலையில் வைத்துவிட்டாள். பெரிய ரோட்டைக் கடக்கும்போது சின்னம்மாளின் கையைப் பிடித்தாள். கடந்தபிறகும் விடவில்லை. சின்னம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரோ இருவர் போகிறார்கள், தான் பின்னாலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே வருகிறோம் என்று தோன்றியது.

ஸ்டுடியோக்காரர் ஒருபக்கக் கதவை மட்டும் திறந்து, "பன்னி, பன்னி" என்றார்.

சின்னம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். "ஏங்கக்கா, அவுரு நம்மளயா சொல்றாரு?"

மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாங்க வாங்கன்னு கூப்புடறாருடி."

உள்ளே கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிப்போனது. ஒரு மூலையில் கண்ணாடியும் சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்தன. மாதம்மாள் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, முதலில் சின்னம்மாளுக்குத்தான் போட்டாள். களை பிடுங்கிக் காய்த்த விரல்கள். நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் பொறுமையாகத் தடவினாள். சின்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவரை மறைத்துப் பெரிய படுதா தொங்கியது. அதில் ஒரு ஏரி, ஏரிக்கு இறங்கும் கல்படிகள், அக்கரையில் மூட்டமாய் மரங்கள். ஏரியின் நடுவே மடிப்பு விழுந்த கோடு. அதன் முன்னால் கைப்பிடி வைத்த ஒரே ஒரு நாற்காலி. ஸ்டுடியோக்காரர் கையால் காட்டினார். "பெரியவரு உக்காரட்டும். சின்னவரு பின்னாடி நிக்கட்டும். அக்கா தங்கச்சிதானே?"

சின்னம்மாள் மாதம்மாளைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். மாதம்மாள் அதைச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக் கன்னடத்தில் பேசினாள். நீளமாக, மெதுவாக, கைகளை அசைக்காமல் பேசினாள். ஒரு எழுத்தும் சின்னம்மாளுக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத மனுஷனிடம் சொல்லுகிறாளோ, நகரச் சொன்னபோது பேசாமல் நின்ற தன்னைப் பற்றிச் சொல்லுகிறாளோ என்று உடம்பு கூசியது. கதவு சாத்தியிருக்கிறது. ஓடவும் முடியாது.

அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். உள்ளே போனார். இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடி இல்லாத பழைய நாற்காலி, முதல் நாற்காலியைவிட உயரம் குறைவு. கால்களுக்கடியில் பலகைத் துண்டுகளைச் சொருகி, குனிந்து கண்ணை ஒட்டவைத்து இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். தோள் உரசியது. விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் கேமராவும் அவரும் சுவர்களும் கரைந்து போயின. முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஏரி மட்டும் நிஜமாகத் தெரிந்தது. அதன் குளிர்ச்சி கழுத்தில் படுவதுபோல இருந்தது. மாடு, அடுப்பு, புருஷன், பையன் எல்லாம் அந்தக் கல்படிகளுக்கு அப்பால் எங்கோ இருந்தன. சின்னம்மாளின் கைகள் மடியில் நடுங்கின.

"அன்னிக்கும் இப்படித்தான் நடுங்கின" என்றாள் மாதம்மாள், முகத்தைத் திருப்பாமல்.

"என்னிக்குங்க்கா?"

"கல்யாணத்தன்னிக்கி. பக்கத்துலதான நின்னேன். தட்ட வெச்சிட்டு உங் கையப் புடிக்கலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள நகரச் சொல்லிட்டான்."

"நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணுங்க்கா. சொல்லாமப் போயிட்டேன்."

"பதினெட்டு வயசுப் புள்ள. நீ என்னத்தச் சொல்லுவ. எனக்குத்தான் பன்னெண்டு வருச உரிம இருந்துது. நானே சொல்லல."

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பேசாதீர்கள் என்று கன்னடத்தில் குரல் வந்தது. அதற்கு அர்த்தம் சின்னம்மாளுக்கே புரிந்தது. மாதம்மாளின் கை வந்து அவள் கைமேல் அமர்ந்தது. நடுக்கம் நின்றதா, அல்லது இருவர் கையும் சேர்ந்து நடுங்கியதா, தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று அவளால் பிறகு சொல்லமுடியவில்லை.

வெளியே வந்தபோதும் அதே சாம்பல் வெளிச்சம். நேரே வீட்டுக்குப் போகாமல் அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார்கள். தூறல் தண்ணீரில் புள்ளிபுள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. முகத்துப் பவுடர் கோடுகோடாகக் கரைந்தது. இருவரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"அவுருகிட்ட என்னங்க்கா சொன்னீங்க, அவ்ளோ நேரம்?"

"ரெண்டு பேரும் ஒரே வூட்டுக்கு வாக்கப்பட்டவங்கன்னு சொன்னேன். இவ வந்த அன்னிக்கி எடுத்த போட்டோவுல நான் இல்ல, அதுக்கப்பறம் எங்கள யாரும் எடுக்கலன்னு சொன்னேன்."

"அவுரு என்ன சொன்னாரு?"

"அப்படின்னா ரெண்டு பேருக்கும் சேர் போடணும்னாரு."

சின்னம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ரெண்டு வார்த்த கத்துக் குடுங்கக்கா" என்றாள். மீதி நாட்கள் முழுக்க அவள் கீரைக்காரியைப் பார்த்து "பன்னி" என்றும், குழாயடியில் "நீரு" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். முனியப்பன் தலையிலடித்துக்கொண்டு சிரித்தான். ரயிலேற்றிவிட வந்தபோது படத்தை வாங்கித் தபாலில் அனுப்புவதாகச் சொன்னான். அவனுக்குக் கோபமெல்லாம் போயிருந்தது. "ரெண்டு பேரும் என்ன ரகசியம் வெச்சிருக்கீங்கன்னுதான் தெரியல" என்றான்.

கடலை பிடுங்கத் தொடங்கிய வாரத்தில் தபால் வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தான். மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த சென்னப்பன்தான் பிரித்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சின்னம்மாள் உள்ளேயிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூழ்ப்பானையையும் கூடைகளையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் நிமிரவில்லை.

"முனியன் இல்லியா இதுல?"

"அவன் வேலைக்குப் போயிட்டானுங்க" என்றாள் சின்னம்மாள்.

"நீங்க ரெண்டு பேருந்தானா?"

"ஆமாங்க."

அவர் படத்தைச் சாய்த்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளிவைத்தும் பார்த்தார். நெடுநேரம் கழித்து, "இது எந்த ஊரு ஏரி?" என்றார்.

"அங்க ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் மாதம்மாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்து வாசலில் இறங்கினாள். "வா சின்னு. ஆளுங்க வந்திருப்பாங்க."

கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சின்னம்மாளும் இறங்கினாள். வரப்பு ஒற்றையடி அகலம். அதில் எப்போதும் மாதம்மாள் முன்னால் போவாள், அவள் பத்தடி பின்னால் போவாள். இன்று மாதம்மாள் வரப்பை விட்டு ஈர மண்ணில் இறங்கி நடந்தாள், பக்கத்தில் சின்னம்மாளுக்கு வரப்பு மிச்சமிருந்தது. பிடுங்கிப் போட்ட செடிகளின் வாசனை வெயிலில் எழுந்துகொண்டிருந்தது. பாதி தூரம் போனபிறகு சின்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். சென்னப்பன் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த படத்தையும், வயலில் போகிற அவர்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுபோல அவர் தலை அசைந்தது. படத்தின் மேல் வெயில் பட்டு ஒருமுறை பளிச்சென்றது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு முறை.