வெற்றிலைச் சிவப்பு

என் புருஷன் மாயாண்டி குடித்த காலத்தில் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. எழுபத்தேழில் தமிழரை அடித்து விரட்டிய கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, மாங்குளத்துக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய வருடம், முருகன் மேல் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். விட்டு ஐந்து வருடம் கழித்து, வரப்பில் குந்தி ஒரு சட்டி ரத்தம் கக்கினார். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சயரோகம் என்றார்கள். எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்றார்கள். பக்கத்துக் காணி ஹமீட் நானாதான் தன் உழவு மிசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, வயிற்றுக்குள் பலூனை ஊதி, இழுத்துக் கட்டினார்கள். ரத்தம் நின்றது. அப்புறம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக எதையோ குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள்.

டாக்டர் கதிர்காமநாதன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உணவுக் குழாய்க்குள் புழு நெளிந்த மாதிரித் தடம் தடமாக இருந்தது.

"இவருக்கு ஈரல் காய்ஞ்சு போச்சுது, தங்கச்சி. ரத்தம் ஈரலுக்குள்ளால போக வழியில்லை. வாய்க்காலை அடைச்சால் தண்ணி வரம்பை உடைக்குமெல்லோ, அப்பிடித்தான். தொண்டைக்குக் கீழ இருக்கிற ரத்தக் குழாயள் பருத்து வெடிச்சிருக்கு."

"குடிச்சப்ப ஒண்ணும் வரல. விட்ட பெறகு வருதாய்யா?"

"குடியை விட்டது நல்லம். ஆனால் ஈரல் அதுக்கு முன்னமே பழுதாப் போச்சுது."

வாய்க்கால் விளங்கியது. ஈரல் விலாவுக்குக் கீழே கிடக்க, ரத்தம் வாயால் ஏன் வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

காலையும் மாலையும் போடக் குளிசை தந்தார். கொழும்புக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டு, பருத்த இடத்தைக் கண்ணால் பார்த்தே ஊசி போட்டு அடைப்பார்களாம். "தை மாதம் திகதி வரும். அதுக்கிடையில ஒரு துளி ரத்தம் வந்தாலும், தார் மாதிரிக் கறுப்பா வெளிக்குப் போனாலும், பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. உடனே இங்க. பிறகு அம்புலன்சில கொழும்புதான்."

கொழும்பு என்றதும் இவர் முகம் செத்துப்போனது. எழுபத்தேழில் தம்பியைப் பறிகொடுத்தது அந்தத் திசையில்தான். எனக்கும் பயம்தான். ஆனால் ஆள் இருந்தால்தானே பயப்படுவதற்கு?

வீட்டுக்கு வந்ததும் குழப்பம் கூடியது. எந்நேரமும் வெற்றிலை போடுகிற வாயில் ரத்தம் எது, சாறு எது என்று எப்படித் தெரியும்? வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் அள்ளி அடுப்பில் போட்டேன். காலையில் தண்ணீர்ப் பேணியோடு அவர் பற்றைக்குள் வெளிக்குப் போனால், வந்த பிறகு தடியோடு நானும் போய்ப் பார்த்தேன்.

"ஊரு சிரிக்குதுடி பேச்சி."

"சிரிக்கட்டும். தை வரைக்கும் சிரிக்கட்டும்."

மார்கழி நடுவில் ஒரு மத்தியானம். கிணற்றடியில் குந்தி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். உதடு சிவப்பு. பல் சிவப்பு.

"வெத்தல போட்டீங்களா?"

என்னைப் பார்க்கவில்லை. "ஆமா புள்ள. ஒரே ஒரு வாய்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையை எறிந்தேன். மூன்று மாதமாக நாய் மாதிரி இந்த மனிதன் பின்னால் மோப்பம் பிடித்துத் திரிகிறேன், இவருக்கு நாக்குத்தான் பெரிது. தோட்டத்தில் குடித்துத் தொலைத்த சம்பளம், முருகனுக்குச் செய்த சத்தியம், ஒன்றையும் விடாமல் எடுத்துத் திட்டினேன். வெற்றிலை கொடுத்தவன் குடும்பத்தையும் திட்டினேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் மாமரத்தில் சாய்ந்து, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வாய் துடைத்த துண்டைத் தோய்க்கலாம் என்று ஆத்திரத்தோடுதான் பிடுங்கினேன். அதில் ஒரு பாக்குத் தூள் இல்லை. புகையிலை வாடை இல்லை. விரலில் பிசுபிசுத்தது.

"என்னங்க இது?"

"வெத்தலதான் புள்ள," என்றார். "கொழும்புக்கு மட்டும் அனுப்பிராத." சொல்லி முடிக்குமுன் மடியெல்லாம் கக்கினார்.

ஹமீட் நானா சந்தைக்குப் போயிருந்தார். தெருவுக்கு ஓடிக் கையைக் காட்டி ஒரு லாரியை மறித்தேன். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கொழும்பு வேண்டாம், சத்தியமாகக் கொழும்பு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

குழாயை மறுபடியும் விட்டார்கள். ஊரார் இரண்டு பேருடைய ரத்தம் ஏற்றினார்கள். இந்தத் தடவை பலூன் நிறுத்தவில்லை. பொழுது சாயுமுன் அவர் மூச்சு அடங்கியது. டாக்டர் வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"கண்ட உடனே கொண்டு வந்திட்டீங்கள், தங்கச்சி. உங்களில ஒரு பிழையும் இல்லை."

அரை மணி நேரம் நின்று திட்டியதைச் சொல்லாமல் நான் தலையை ஆட்டினேன்.