ஒன்பது ஊசி

ரம்ஜான் முடிந்த வாரத்தில்தான் அதை முதலில் கவனித்தோம். எங்கள் மகள் ரூஹி பேசினால் என் மனைவி அஸ்மத்துன்னிசாவின் இடது கண் துடித்தது. குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தம், ரூஹியின் சிரிப்பு என்று மேல் சுருதியில் எது வந்தாலும் கண்ணோரம் வெட்டி இழுத்தது. சில சமயம் கன்னம் வரை போனது. நான் பேசினால் ஒன்றும் ஆகவில்லை.

"அப்பா பேசினா அமிர்தம். நான் வாயத் தொறந்தா மட்டும் வேப்பங்காய் தின்ன மாதிரி மூஞ்சி போவுது" என்று ரூஹி கிண்டல் செய்தாள். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டாள். தி.நகரில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறவள், வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் தாமதிக்கத் தொடங்கினாள்.

விவரத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ரூஹிக்கு ஒரு வயது நிறையும் முன்பே அஸ்மத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயின. அப்போது காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்ளே ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அதன் மெல்லிய கம்பியில் பல முனைகள் உண்டு; ஒவ்வொரு முனையும் ஒரு சுருதிக்கு. வெளியே காதில் மாட்டும் துண்டு, சத்தத்தை மின்சாரமாக்கி அந்த முனைகளுக்கு அனுப்பும். ரூஹி பேசப் பழகியதிலிருந்து அவள் குரலை அஸ்மத் கேட்டது இந்தக் கருவி வழியாக மட்டும்தான்.

நாங்கள் உருது பேசுகிறவர்கள். ஆனால் அந்த நாளில் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்குத் தமிழ்தான் தெரியும். அதனால் அஸ்மத்துக்காக வீடு முழுவதும் தமிழுக்கு மாறியது. ரூஹிக்கு உருதில் சண்டை போடக்கூட வராது.

கருவியை அவ்வப்போது கம்ப்யூட்டரில் இணைத்துச் சுருதி சரிபார்க்க வேண்டும். அதைச் செய்கிறவர் மந்தைவெளியில் செவித்திறன் மையம் வைத்திருக்கும் விஜயலக்ஷ்மி மேடம். அஸ்மத்தின் கண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"ரெண்டு முனை கசியறது பாய். முகத்து நரம்பைத் தொட்டுண்டிருக்கு. அதை ஆஃப் பண்ணிட்டு மத்ததைத் திருப்பி அளவெடுத்து வைக்கணும். நான் பண்ணாத வேலையா? ஆனா சிஸ்டம் போயிடுத்தே."

மேசைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஊதாவும் பச்சையுமாக இரண்டு வட்டத் துளைகள். அவற்றின் அருகே, பல் முளைத்தது போல ஒன்பது ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இணைப்பு. அஸ்மத்தின் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்க மேடத்திடம் இருக்கும் சுருதிப் பெட்டியின் கேபிள் அந்த ஒன்பது ஊசியில்தான் மாட்டும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்த இணைப்பே வருவதில்லை. மாற்றுக் கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறார். பெட்டி விளக்கு எரிந்தது. திரையில் 'கருவி காணப்படவில்லை' என்று வந்தது. பழைய விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள், மதர்போர்டில் பிறக்கும்போதே இருந்த இணைப்பைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி கைமாறி, இந்த மாடலைக் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. இரண்டாம் அறுவைச் சிகிச்சைக்கும் வழியில்லை. காய்ச்சலுக்குப் பிறகு உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மேடத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹரியைக் கூப்பிட்டுக்கொண்டு, பழைய எலெக்ட்ரானிக் சாமான்கள் கிடைக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கச்சேரி சாலையில் எனக்கு மெத்தைக் கடை. ஐந்தாறு நாள் கடையை அஸ்மத் பார்த்துக்கொண்டாள். நானும் ஹரியும் அந்த ஒன்பது ஊசி உள்ள பழைய போர்டு கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

"இன்னா பாய், மியூசியம் வெக்கப் போறியா?" என்றான் ஒருவன்.

"இருந்தா எடு, இல்லாங்காட்டி வாய மூடு" என்றான் ஹரி.

கடைசியில் அது கிடைத்தது அடையாறில். முன்பு பிரவுசிங் சென்டர் நடத்திய கனகராஜ் என்பவர் இப்போது ஜூஸ் போடுகிறார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் நான்கும் ஜூஸ் கடைப் பலகைக்குக் கால்களாக நின்றன. ஹரி குனிந்து ஒவ்வொன்றின் முதுகையும் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பாய், கீது! அதே போர்டு!"

"அத்த உருவினா கடை சாஞ்சுடும் நைனா" என்றார் கனகராஜ். "மிக்சி ஓடிக்கினு கீது, பாத்து."

செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு உருவினோம். உள்ளே சர்க்கரைத் தண்ணீர் இறங்கி எறும்பு புற்று வைத்திருந்தது. ஹரி பிரஷால் தட்டித் தட்டித் துடைத்தான். இரண்டு மூன்று கெபாசிட்டர்கள் தலை உப்பியிருந்ததைக் காட்டி, "எவ்ளோ நாள் தாங்கும்னு தெரியாது. சட்டுபுட்டுனு வேலைய முடிச்சிடணும்" என்றான்.

மறுநாள் மையத்தில் அந்தப் போர்டைப் பெட்டிக்குள் வைக்காமல், மேசைமேல் அட்டை போட்டு வெறுமனே கிடத்தினான். சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். மேடத்தின் பழைய ஹார்ட் டிஸ்கைப் பட்டைக் கேபிளில் மாட்டி, ஒன்பது ஊசியில் சுருதிப் பெட்டியையும் மாட்டினான். திரையில் அஸ்மத்தின் பெயர் வந்தபோது மேடம் கைகூப்பினார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

வழக்கமாகத் திரையும் மவுஸும் ஒரு தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும். அன்று போர்டும் ஒயர்களும் பரவிக் கிடந்ததில் இடமில்லை. பலகையை எடுத்துவிட்டார்கள். அஸ்மத் மேசைக்கு இந்தப் பக்கமும் மேடம் அந்தப் பக்கமுமாக, பல்லாங்குழி ஆடுகிறவர்களைப் போல உட்கார்ந்தார்கள்.

"சத்தம் கேட்டா மட்டும் கையைத் தூக்குங்கோ. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி."

கசிந்த இரண்டு முனைகளையும் முதலில் நிறுத்தினார். பிறகு மற்ற முனைகளில் ஒவ்வொன்றாக அளவெடுத்தார். அஸ்மத் கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே இருந்தாள். ஹரி போர்டின்மேல் கையை வைத்து வைத்துப் பார்த்து, "கொதிக்குது மேடம்" என்றான். மேடம் வேகத்தைக் கூட்டினார். எல்லாம் முடிந்து, பழைய அளவின்மேல் புதிய அளவு பதிவாயிற்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றாள் அஸ்மத்.

வீட்டுக்கு வந்ததும் ரூஹி வாசலிலேயே, "அம்மி, நான் பேசறேன், கண்ணக் காட்டுங்க!" என்று கத்தினாள். கண் துடிக்கவில்லை. ரூஹி அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அன்று பிரியாணி.

அடுத்த காலை சமையலறையில், அஸ்மத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று ரூஹி இரண்டு முறை "அம்மி" என்றாள். திரும்பவில்லை. ரூஹி முன்னால் வந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "உப்பு போட்டாச்சா?" என்றாள். அஸ்மத் தலையாட்டினாள்.

"அப்பாவ வித்துடலாமா?"

"ஆச்சு, ஆச்சு" என்றாள் அஸ்மத்.

நான் சிரித்துவிட்டேன். ரூஹி சிரிக்கவில்லை. துப்பட்டாவை எடுத்துவிட்டு, "அம்மி, என்ன கேக்குது உங்களுக்கு? உண்மைய சொல்லுங்க" என்றாள்.

அஸ்மத் அடுப்பை அணைத்தாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. பானைக்குள்ள நின்னு பேசற மாதிரி. உங்க அப்பாவும் நீயும் மிக்சியும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் கையத் தூக்கின?" என்றேன் நான்.

"மேடம் விரல் தெரிஞ்சுதே. மவுஸ்ல விரல் அழுந்தினா கை தானா எழுந்திடுச்சு. இத்தன வருஷமா கண்ணாலதானே கேக்கறேன்? நடுவுல எனக்கே தெரிஞ்சுது, இது காது இல்ல, கண்ணுன்னு. சொல்லலாம்னு பாத்தா அந்தப் புள்ள போர்டுமேல கைய வெச்சுகிட்டு வேர்த்துப்போய் நிக்குது. நீங்க தஸ்பீஹ் மணிய உருட்டிக்கிட்டு நிக்கறீங்க. எப்படிச் சொல்ல?"

அப்போதே நானும் அஸ்மத்தும் மையத்துக்குக் கிளம்பினோம். விஜயலக்ஷ்மி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "தடுப்பை எடுத்தது நான்தானே" என்று மட்டும் சொன்னார். ஹரி ஓடி வந்து போர்டுக்கு மின்சாரம் கொடுத்தான். திரையில் எழுத்துகள் ஓடின. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. அஸ்மத் கண்களை இறுக மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்தாள்.

பட்டென்று ஒரு சத்தம். அதிகம் இல்லை, கடுகு வெடிக்கிற அளவுதான். கருகின வாடை அடித்தது. ஹரி ஒயரைப் பிடுங்குவதற்குள் பச்சை விளக்கும் அணைந்துவிட்டது. போர்டு போகிற போக்கில் சுருதிப் பெட்டியையும் சுட்டுவிட்டது. அஸ்மத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை போலும். கண்ணை மூடியபடியே, கேட்கப்போகும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் தோளைத் தொட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போர்டு இன்னொன்று தேடலாம். பெட்டி இன்னொன்று இந்த நாட்டில் இல்லை. மேடம் கம்பெனிக்கு எழுதினார். வருத்தம் தெரிவித்து நாலு வரி பதில் வந்தது.

அஸ்மத் இன்றும் கருவியின் வெளித் துண்டைக் காதில் மாட்டிக்கொண்டுதான் கடைக்கு வருகிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"இது காதுல இருந்தா ஜனங்க எங்கிட்ட பேசறாங்க. இல்லாட்டி உங்க பக்கம் திரும்பிடறாங்க."

போன வெள்ளிக்கிழமை நான் அறையில் படுத்திருந்தேன். கூடத்தில் அஸ்மத் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. சற்று நேரம் கழித்து மறுபடியும் சிரித்தாள். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று பயந்து எழுந்து போனேன். எதிரே ரூஹி உட்கார்ந்திருந்தாள். நகைக்கடைக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கைகள் ஆடின, புருவம் ஏறி இறங்கியது, உதடுகள் அசைந்தன. குரல் மட்டும் இல்லை.

"ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

ரூஹி திரும்பினாள். "இல்லப்பா. சத்தமா பேசினா அவங்களுக்கு உள்ள இரைச்சலா வருதாம். அது உதட்டப் பாக்க விடலியாம். இப்படின்னா தெளிவா இருக்குன்றாங்க."

பிறகு அஸ்மத் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். அஸ்மத் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளும் குரலில்லாமல் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் உதடு படிக்க நான் கற்றுக்கொண்டதில்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

"என்ன? என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அஸ்மத், எனக்குக் கேட்கும்படியாக. "நீங்க போய்ப் படுங்க."