கொசுறாக வந்த இரண்டு ஸ்பீக்கர்கள்

1

இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. பேரத்தில் ஜெயித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து நீங்கள் பரிதாபப்படக் கூடாது. எங்கள் குடும்பத்தில் பரிதாபத்தை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கூட என்ன தருவீர்கள் என்று கேட்பார்கள்.

அப்பாவுக்குத் துணிக்கடை, பெரியப்பாவுக்கு இரும்புக்கடை, மாமாக்கள் இருவருக்கும் மொத்த வியாபாரம். ஒரு கடையை விட்டு இறங்கும்போது கையில் கொசுறாக எதுவும் இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நான் ஒருவன்தான் கதை எழுதப் போனேன். "சரக்கே இல்லாம கடை போட்டிருக்கான்" என்றார் பெரியப்பா.

முதல் வரிக்காக நேற்றிலிருந்து எழுதிப் பார்த்தவை:

மதர்போர்டு என்பது ஒரு கணினியின் —

(பாடப்புத்தகம்.)

என் மனைவியின் குரல் போய் எட்டு மாதம் ஆன —

(எடுத்த எடுப்பிலேயே விலையைச் சொல்கிற வியாபாரி.)

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு —

(உண்மை இதுதான். இதை முடிக்கத்தான் கை வரவில்லை.)

போகட்டும், இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன்.

2

எட்டு மாதத்துக்கு முன்னால் என் மனைவியின் குரல்வளையை அறுத்து எடுத்தார்கள். நோய் அங்கேதான் குடியிருந்தது. நோயோடு குரலும் போயிற்று.

அறுவைக்கு முந்தைய பதினோரு நாளும் அவள் பீரோவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மைக்கில் பேசினாள். துணிக்கு நடுவே பேசினால் எதிரொலி வராது என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவர் கொடுத்த பட்டியலில் அறுநூறு வாக்கியங்கள். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'இன்று காற்று பலமாக வீசுகிறது.'

"காத்து பலமா வீசுதுன்னு எவ சொல்லுவா? ஜன்னலைச் சாத்துங்கன்னுதான் சொல்லுவா" என்று சிரித்துவிட்டு, தன் கணக்கில் நூற்றுச் சொச்சம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டாள். எல்லாம் என்னைத் திட்டுபவை.

அந்தப் பதிவுகளை வெட்டி ஒட்டி, அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசிக்காட்ட ஒரு மென்பொருள் உண்டு. எங்கள் கணினியில் அது ஒரு வாக்கியத்தைப் பேச முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டது. அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: "நான் பதில் சொல்றதுக்குள்ள நீங்க சமாதானம் ஆயிடுறீங்க. ஆறிப்போன சண்டைய வச்சு நான் என்ன பண்றது? மெஷினை மாத்துங்க."

(இடைக்குறிப்பு. நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிப்பது அவள்தான். வாய்விட்டுப் படிப்பாள். எந்த இடத்தில் அவள் குரல் தடுக்குகிறதோ அந்த வாக்கியம் நொண்டி, அடித்துவிடுவேன். எட்டு மாதமாக நான் எதுவும் எழுதாததற்குக் காரணம் சோகம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். எது நொண்டி என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் கதையிலும் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

மலிவு மதர்போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவசரப்படுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நானும் இப்படிப்பட்ட பகுதிகளைத் தாண்டிப் போகிறவன்தான். அதன் பலனைக் கீழே பார்ப்பீர்கள்.

கணினிக்குள் உள்ள எல்லாப் பாகங்களும் வந்து உட்காருகிற பலகை அது. நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தக் கணினியை வாங்கும்போது கடையில் மூன்று விலையில் பலகைகள் இருந்தன. நான் எதை எடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. விலை கூடிய பலகையில் எல்லாவற்றுக்கும் தனித்தனி வழி உண்டு. மலிவுப் பலகை வாசலை மட்டும் நிறைய வைத்திருக்கும், உள்ளே வழி குறைவு. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று சத்தமில்லாமல் வெளியே நிற்கும். இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாது. எங்கள் மாமாக்கள் பங்கு பிரித்தது மாதிரி.

4

கடைக்காரரை எல்லோரும் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் பென்சில் செருக வேண்டிய இடத்தில் அவர் திருப்புளியைச் செருகியிருப்பார். வியாழக்கிழமை பெட்டியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

கூடுதல் ரேம் போட்டார். பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாக இரண்டு பழைய டிஸ்க்குகள் இருந்தன; சின்னதில் இருந்ததைப் புது டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினார். சூயிங்கம் பட்டை அளவில் இருந்த அந்தப் புது டிஸ்க்கைப் பலகையிலேயே செருகித் திருகினார். திரை சட்டென்று விழித்துக்கொண்டது. திரையின் முகப்பிலேயே 'என் குரல்' என்ற பெயரில் மனைவியின் ஃபோல்டர். பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"அண்ணே, ஒரு சங்கடம். அந்தப் பெரிய பழைய டிஸ்க் தெரிய மாட்டேங்குது."

"என்னாச்சு?"

"சுத்துது. காதுல வச்சுப் பாருங்க. ஆனா மெஷின் கண்டுக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சுல்ல. எதுக்கும் சாயந்தரம் வாங்களேன், வேற மெஷின்ல மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

பெரிய டிஸ்க்கில் என் பழைய கதைகளும் சில சினிமாக்களும் மட்டும்தான் என்று நினைத்தேன். அவை போனால் உலகத்துக்கு நல்லது என்றும் நினைத்தேன். அதோடு, குடும்ப ரத்தம் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"செத்துடுச்சுன்னா எடுத்துக்குங்க. எனக்கு அதுக்கு என்ன தருவீங்க?"

"செத்த டிஸ்க்குக்கு என்னத்தண்ணே தர்றது? பழைய சாமான்காரன் எடைக்கு எடுப்பான்."

"எடைக்கு எடுக்கிறான்ல? அப்போ அதுக்கு விலை இருக்கு. அந்த ரெண்டு ஸ்பீக்கரைக் கொடுங்க."

"அண்ணே, அது புதுசு!"

"பெட்டில தூசியப் பாருங்க. போன வருஷம் வந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு. அதை யார்கிட்ட விக்கப் போறீங்க?"

இருபது நிமிடம் ஆயிற்று. நான் வாசல்வரை போய்த் திரும்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்ககிட்ட வியாபாரம் பண்றதுக்குக் கடையைச் சாத்திட்டுத் தூங்கலாம்" என்று ஸ்பீக்கர்களைத் தூக்கி வைத்தார். அவள் குரல் இனி நன்றாகக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறையும் திரும்ப எழுதியிருக்கிறேன்.)

5

வீட்டில் ஸ்பீக்கர்களை மாட்டி 'என் குரல்' மீது தட்டினேன். அப்படி ஒரு இடம் இல்லை என்றது கணினி.

ஃபோல்டர் படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அரிசி முனை அளவு. அது இருந்தால் திரையில் தெரிவது பொருள் இல்லை, பொருள் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகை மட்டும்தான். பொருள் பெரிய டிஸ்க்கில் இருந்திருக்கிறது. தினமும் எளிதாக எடுக்க அவள்தான் முகப்பில் அந்த வழிப்பலகையை வைத்திருக்கிறாள்.

கடைக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. செத்த டிஸ்க்கிலிருந்து எதையாவது மீட்க முடியுமா என்று தேடும்போது, நான்கு வருடம் பிரிக்காமல் கிடந்த மதர்போர்டு கையேடு கைக்கு வந்தது. பதினான்காம் பக்கத்தில், அடியில், நட்சத்திரக் குறியோடு ஒரு வரி:

* பலகையில் நேரடியாக டிஸ்க் செருகப்பட்டால் இரண்டாம் கேபிள் துளை செயல்படாது.

பெரிய டிஸ்க்கின் கேபிள் இரண்டாம் துளையில் இருந்தது.

அது சாகவே இல்லை. உள்ளே ஒருவர் வந்ததால் வெளியே நின்றுகொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால் அடுத்த நிமிடம் பேசியிருக்கும். வாழ்நாள் முழுக்க அடிக்குறிப்பு எழுதியவன் நான். படித்ததில்லை.

6

இந்த இடத்தில் கதாபாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். திருப்புளியை அயோக்கியனாக எழுதிப் பார்த்தேன்: தெரிந்தே டிஸ்க்கைச் சுருட்டிக்கொள்ள —

நிற்கவில்லை. சாயந்தரம் வாங்க என்றவர் அவர். காத்திருக்காதவன் நான்.

வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன் வாசலில் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"பழைய சாமான்காரன் நேத்து சாயந்தரமே மூட்டையத் தூக்கிட்டுப் போயிட்டான்ணே. அண்ணியோட குரல்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கையாலயே தொட்டிருக்க மாட்டேன்."

"எனக்கே தெரியலப்பா."

"ஏறுங்க வண்டில."

பழைய சாமான் கிடங்கில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்து டிஸ்க்குகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள். காந்தம் ஒரு வாளியில். உள்ளே சுழலும் வட்டத் தகடுகள் இன்னொரு வாளியில். கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. குனிந்து பார்த்தேன். ஐம்பது தகட்டிலும் என் முகம்.

"எது உங்களுதுன்னு அடையாளம் சொல்லுங்க சார்" என்றார் வேலை செய்தவர். கேலியாக இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

பிளக்காமல் மிச்சம் இருந்தவற்றைத் திருப்புளி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பதிமூன்று. எதிலும் அவர் கடை முத்திரை இல்லை. திரும்பும் வழியில் ஸ்பீக்கருக்கு விலை தருகிறேன் என்றேன். "வாயை மூடிட்டு வாங்கண்ணே" என்றார்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பதினான்காவதாக ஒரு டிஸ்க் வாளிக்குப் பின்னால் கிடக்கிறது. திருப்புளி அதைத் தூக்கிக் காட்டி — இல்லை. உங்களிடம் கலப்படச் சரக்கை விற்க மாட்டேன்.

இரண்டாம் முடிவு கொஞ்சம் கெட்டி. என் மனைவி புத்திசாலி. என்னை நம்பி எதையும் ஒரே இடத்தில் வைக்கிறவள் இல்லை. துணிகளுக்கு அடியில் எங்காவது ஒரு நகல் வைத்திருப்பாள். இது கதைக்காக மட்டும் யோசித்தது இல்லை என்பதால், நேற்று எழுந்துபோய் பீரோவைக் கலைத்தேன். பழைய போர்வையின் மடிப்பில், ஒரு உறையில், பென்டிரைவ் இருந்தது. உறை மேல் அவள் கையெழுத்து: 'முக்கியம்.'

கணினியில் செருகினேன். ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

உள்ளே இருந்தவை என் கதைகள். பெரிய டிஸ்க்கோடு நான் வாளிக்கு அனுப்பிய கதைகள் எல்லாம், நொண்டி என்று அடித்தவையும் சேர்த்து, தேதிவாரியாக. கடைசித் தேதி அறுவைக்கு முந்தைய நாள்.

பதினோரு நாள் அந்தப் பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசினாள். அங்கேயே நகல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். தன் குரலை இல்லை.

மூன்றாம் முடிவை நான் யோசி —

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு அவள் வருகிறாள். காலையில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: "மெஷின் ரெடியா? வந்ததும் முதல்ல உங்களைத்தான் திட்டணும். வழியெல்லாம் வாக்கியம் யோசிச்சு வச்சிருக்கேன். ஒரு நிமிஷம்கூட ஆறக் கூடாது." நான் "ரெடி" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் இதை எழுதி முடித்தாக வேண்டும் என்று தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று நேற்று முழுக்க கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். எல்லா வாக்கியத்திலும் பேரம் இருந்தது. எனக்குத் தெரியாது, கடைக்காரர் சொன்னார், அம்புக்குறி சின்னது. ஆகவே எழுதிவிட்டேன். முதலில் படிப்பவள் எப்போதும் அவள்தானே. இந்த முறை வாய்விட்டுப் படிக்க மாட்டாள். எங்கே தடுக்கியது என்று அவள் கண்ணைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க முடியுமா, தெரியவில்லை.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம் என்றாலும், உங்களிடம் விடவில்லை. அவளிடம் விடுகிறேன். கொசுறு எதுவும் கேட்கவில்லை.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். இந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தபடியே வைத்துவிட்டு, நாற்காலியை அவளுக்குத் தோதாக இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன். நீ யோசித்து வைத்த வாக்கியத்தை ஆறுவதற்குள் கீழே, ஒன்பதுக்கு அடியில், எழுதிவிடு. மெஷின் இப்போது வேகமாகத்தான் இருக்கிறது.

9