பிஸ்கட் டப்பாவில் இருபத்தாறு சாவிகள்

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சிலருக்குச் சோறு இறங்காது. கடைக்காரி அந்த ரகம். ரொட்டியும் பாலும் விற்கும் அந்த மூலைக்கடை கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அவளோ வியாபாரத்தை மறந்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருபத்தாறு சாவிகள். கடையிலிருந்த எல்லாப் பூட்டுகளிலும் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் சேரவில்லை.

கடையை விற்றுவிட்டுப் போனவர் குல்லாய்க்காரர். இவளையும் இவள் வீட்டுக்காரரையும் போல அவரும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்தான். வேறு நாடு, வேறு மொழி. இந்த ஊர்ப் பேச்சை இவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கடித்துத் துப்புவார். சாமான்களை ஒப்படைத்தபோது டப்பாவைத் தட்டிக் காட்டி, "இது தெருவோடது" என்று மட்டும் சொன்னார். தெருவுக்கு எதற்குச் சாவி என்று இவளுக்கு மண்டை காய்ந்தது.

"உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? ஆறு மாசத்துல கடை ஓடலேன்னா மறுபடியும் ஃபேக்டரி வாசல்ல போய் நிக்கணும். அதை யோசி," என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உதிரிபாகத் தொழிற்சாலையில் இருவரும் பதினோரு வருஷம் உழைத்துச் சேர்த்ததெல்லாம் இந்தக் கடைக்குள் போயிருந்தது. தெருக்காரர்களோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பெரிய கடைக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் எதிர்வீட்டு நர்ஸம்மா வேகமாக வந்தாள்.

"கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள மாட்டிக்கிச்சு. என்னோடதை எடுங்க."

"எது உங்களுது?"

நர்ஸம்மா டப்பாவைத் தானே கிளறி ஒன்றை எடுத்தாள். "பழையவர்கிட்ட கேக்கவே வேண்டாம். ஆளைப் பாத்ததும் எடுத்து நீட்டுவாரு," என்று சொல்லிவிட்டுப் போய், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து சாவியை டப்பாவிலேயே போட்டாள்.

கடைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தெருவே தன் வீட்டு மாற்றுச் சாவிகளை இந்தக் கடையில் கொடுத்துவைத்திருக்கிறது. அது இப்போது இவள் கையில். இதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும், தெரு நம்முடையதுதான் என்று நினைத்தாள்.

ஒழுங்கு என்றால் அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். தொழிற்சாலையில் அவள் ஸ்டோர் பகுதியில் இருந்தவள். அங்கே சீட்டு ஒட்டாமல் ஒரு திருகாணிகூட இருக்கக்கூடாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எது யாருடையது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பலகை ஒன்று வாங்கி, இருபத்தாறு கொக்கிகள் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் கதவு எண்ணையும் ஆள் பெயரையும் குண்டு குண்டாக எழுதினாள். கல்லாவுக்குப் பின்னால், வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினாள். வீட்டுக்காரரே தள்ளி நின்று பார்த்து, "பரவாயில்லையே" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். "ஒண்ணுமில்ல, வீட்டுல தேவைப்படுது" என்று எல்லோரும் ஒரே பல்லவி. நர்ஸம்மாவும் வந்தாள், முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் நாலே சாவிதான் மிச்சம்.

"நம்ம மூஞ்சி பிடிக்கல, அவ்வளவுதான்," என்றார் வீட்டுக்காரர்.

"குல்லாய்க்காரர் மட்டும் இவங்களுக்கு மாமனா மச்சானா? அவரும் வெளியாள்தானே. அவர்கிட்ட குடுத்தாங்களே, ஏன்?"

அழுகை ஒரு பக்கம் முட்டினாலும், அந்த 'ஏன்' அவளை உட்கார விடவில்லை. நேரே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நர்ஸம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "உங்க கடைக்கு யார் யார் வராங்க?"

"எல்லாரும்தான்."

"அந்த எல்லாரும் நின்னு படிக்கிற மாதிரி, எந்தச் சாவி எந்த வீட்டுதுன்னு எழுதி மாட்டியிருக்கீங்க. வாரத்துல அஞ்சு ராத்திரி நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

கடைக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குல்லாய்க்காரரின் அலங்கோலமான டப்பாதான் பூட்டு. அவருடைய ஞாபகம்தான் அதற்குச் சாவி. இது ஏன் தனக்கு உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்து பலகையைக் கழற்றினாள். மிச்சமிருந்த நாலையும் டப்பாவில் போட்டாள். பிறகு கடையின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கடைச் சாவியைக் கொண்டுபோய் அவங்ககிட்ட குடுக்கப்போறியா? நமக்குன்னு இருக்கிறதே இந்தக் கடை ஒண்ணுதான்," என்றார் வீட்டுக்காரர்.

"அவங்களுக்கும் அவங்க வீடு ஒண்ணுதாங்க இருந்துது."

எதிர்வீட்டு வாசலில் நின்று, "நாங்க பஸ் புடிச்சு வர்றவங்க. இது உங்ககிட்ட இருக்கட்டும்," என்றாள். நர்ஸம்மா சாவியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அதில் சீட்டு எதுவும் இல்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகும் வியாபாரம் ஈயோட்டம்தான். மூன்று வாரம் கழித்து, கொட்டுகிற மழையில் இவர்கள் வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆறு மணிக்கு ரொட்டி வண்டி வரும். கடை பூட்டியிருந்தால் வண்டிக்காரன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்தான் வாங்குகிற நாலு பேர், அவர்களும் இன்றோடு சரி. இருவரும் நனைந்தபடி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது ஏழு தாண்டியிருந்தது.

கடையில் விளக்கு எரிந்தது. வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். உள்ளே, ராத்திரி டியூட்டி முடிந்து வந்த சீருடையோடு நர்ஸம்மா ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டியெல்லாம் மழையில கிடந்துது. தொறந்துட்டேன்," என்றாள். "எல்லாத்துலயும் விலையை எழுதி ஒட்டியிருந்தீங்க, நான் பொழச்சேன். சரி, தூங்கப் போறேன். வந்தவங்க சிலர் அந்த டப்பாவுல எதையோ போட்டாங்க, பாத்துக்கோங்க."

கூட்டம் கலைந்ததும் கடைக்காரி டப்பாவைத் திறந்தாள். நாலு இருந்த இடத்தில் பதினொன்று இருந்தது. புதிதாக வந்த ஏழில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஏழு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியாக வேண்டும். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அவள் கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள்.